டூசெட்டுக்குக் கொடுத்த சொல்

லின்வுட் பெல்கி மெய்ன் மாநில செனட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை லாரியில் கொண்டுபோய் ஊற்றுவது அவர் தொழில். எண்ணெய்த் தொட்டி நிலவறையில் இருக்கும்; சொந்த ஊரான ஹார்லோவில் அவர் இறங்காத நிலவறை கிடையாது. குடியரசுக் கட்சிக்காரர்தான், ஆனால் எதிர்க்கட்சி கொண்டுவந்த மசோதா நல்லதென்று பட்டால் அதற்கும் பச்சைப் பொத்தானை அழுத்துவார். சொந்தக் கட்சியார் அவரைப் பாதி ஆள் என்றார்கள். எதிர்க்கட்சியார் நம்மாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

1990ஆம் ஆண்டு ஏப்ரலில், கூட்டத்தொடரின் கடைசி நாளன்று, அவர் நான்கு வருடம் சுமந்த மசோதா ஓட்டுக்கு வந்தது. ஹார்லோவின் சிறிய ஆஸ்பத்திரி மூடாமலிருக்க மாநிலம் உதவ வேண்டும் என்பதே அது. அடுத்த ஆஸ்பத்திரி நாற்பது மைலுக்கு அப்பால். அதை எதிர்த்தவர்களில் முதல் ஆள் செயின்ட் ஒமர் ஊரின் எதிர்க்கட்சி செனட்டர் ரோசேர் டூசெட். உதவி ஹார்லோவுக்குப் போனால் தன் ஊர் ஆஸ்பத்திரிக்குக் குறையும் என்பது அவர் கவலை.

பத்து நாளுக்கு முன் டூசெட்டுக்கு மாரடைப்பு. அவர் மனைவி இவெட் போர்ட்லாந்து ஆஸ்பத்திரியிலிருந்து பெல்கியைக் கூப்பிட்டார்.

"ஓட்டுப் போட வந்தே தீருவேன்னு கட்டில்ல இருந்து எறங்கப் பாக்குறாரு, லின்வுட். நீங்க அவரோட ஜோடி கட்டுறேன்னு சொன்னாத்தான் அடங்குவாரு."

ஜோடி கட்டுவது அந்தச் சபையின் பழைய வழக்கம். ஒருவர் நோயில் கிடந்தால், எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டுத் தானும் ஓட்டுப் போடாமல் ஒதுங்குவார்; இரண்டு ஓட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். அப்போது மசோதாவுக்கு எதிர்ப்பைவிட ஆதரவு மூன்று ஓட்டு மிச்சமாகவே இருந்தது. பெல்கி யோசிக்கவில்லை. "கட்டிட்டேன்னு சொல்லு. படுத்துக்கச் சொல்லு" என்றார்.

ஓட்டு நாளன்று காலையில் மிச்சம் கரைந்துவிட்டது. ஆதரவாளர் ஒருவர் அணி மாறினார். இன்னொருவர் தாயின் சாவுக்காக வெளிமாநிலம் போயிருந்தார். பெல்கி ஓட்டுப் போட்டால் ஒரே ஓட்டில் ஜெயம். போடாவிட்டால் சமம், சமமென்றால் மசோதா விழும்.

கட்சித் தலைவர் ஹான்ஸ்கம் அவரைத் தாழ்வாரத்து ஜன்னலோரம் நிறுத்தினார்.

"போன்ல பேசுனதுதானே, லின்? யாருக்குத் தெரியும்?"

"இவெட்டுக்குத் தெரியும்."

"அவ ஓட்டு உன் தொகுதியில இல்ல. ஜூன்ல உட்கட்சித் தேர்தல். உன்னை எதுத்து நிக்கிற பையன் வீடு வீடாப் போய் உன்னை வெண்ணெய்ங்கிறான். எந்த ரொட்டியிலயும் தடவலாமாம்."

ஹான்ஸ்கம் குரலைத் தாழ்த்தினார். "டூசெட்டுக்கு இன்னிக்குக் காலையில அறுவை. நிலைமை நல்லா இல்லையாம். செத்த ஆளோட ஜோடி கிடையாது. அது உனக்குத் தெரியும்."

பெல்கிக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று. தன் இருக்கையில் உட்கார்ந்தார். வேறு மசோதாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொலைபேசி அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. என்ன செய்தியை எதிர்பார்க்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதினாறு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தந்த மனிதர். கதவு மறுபடி திறந்தது. தலை மறுபடி திரும்பியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அழைப்பு வந்தது. இவெட்.

"முழிச்சிட்டாரு, லின்வுட். வாயத் தொறந்ததும், 'பெல்கி எழுந்தானா'ன்னு கேட்டாரு. நான் சாமி பேரத்தான் சொல்வாருன்னு நெனச்சேன்."

"இன்னும் நேரம் வரல. எழுந்திருப்பேன்னு சொல்லு."

தொலைபேசியை வைத்தார். மனதில் முதலில் எழுந்தது மகிழ்ச்சியல்ல. அதை அவர் அன்றிரவு மனைவி ஆர்லீனிடம் சொன்னார். அவள் விளக்கை அணைத்தாள்.

மசோதாவின் எண்ணை வாசித்தார்கள். பெல்கி எழுந்தார்.

"அவைத் தலைவர் அவர்களே, செயின்ட் ஒமர் செனட்டருடன் ஜோடி கட்ட அனுமதி கேட்கிறேன். அவர் இங்கிருந்தால் வேண்டாமென்பார். நான் வேண்டுமென்பேன்."

ஹான்ஸ்கம் பேனாவை மேசைமேல் எறிந்தார். பலகையில் பச்சையும் சிவப்பும் சமமாக எரிந்தன.

அந்தச் சனிக்கிழமை தேவாலயத்துப் பீன்ஸ் விருந்தில் பெல்கியின் மேசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்டன் க்ரோவ் மட்டும் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். முப்பது வருட வாடிக்கையாளர்.

"டூசெட்டுக்குச் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டே. நல்லது. என் மூணு பிள்ளையும் அந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. போன தேர்தல்ல என் அடுப்படியில நின்னு, 'மூட விடமாட்டேன்'னியே. அது யாருக்குச் சொன்ன சொல்லு?"

"உனக்குத்தான்."

"அப்ப ஒண்ணத்தான் காப்பாத்த முடியும்னா, அவனுக்கா?"

"உனக்குச் சொன்னதுக்கு மத்தவங்க கையும் வேணும், எல்டன். அவனுக்குச் சொன்னதுக்கு நான் மட்டும் போதும்."

எல்டன் பீன்ஸைக் கிளறினார். "போய் என் மருமககிட்ட சொல்லு. அவ இனிமேதான் பெத்துக்கணும்" என்றார்.

ஜூன் உட்கட்சித் தேர்தலில் பெல்கி ஹார்லோவிலேயே தோற்றார். அக்டோபரில் ஆஸ்பத்திரியின் கதவில் பூட்டு விழுந்தது. எல்டனின் மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த மாதம் பனி விடாமல் கொட்டியது. பெல்கி லாரியை எடுக்கும் முன்பும் திரும்பிவந்த பின்பும் ஆர்லீனிடம் கேட்பார்: "க்ரோவ் வீட்டுல ஆயிடுச்சா?"

"ஆகல. காலையில கேட்டே. இப்பவும் கேக்குறே."

அவர் பூட்ஸைக் கழற்றாமல் ஜன்னலருகே போய், அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும் நாற்பது மைல் சாலையில் பனி தள்ளும் வண்டி போயிருக்கிறதா என்று பார்ப்பார்.