பேசினுக்குள் போன அவல்

“வகுப்பெண்டால் ஒரு குடும்பம், பிள்ளையள்” என்று எங்கள் எட்டாம் வகுப்பு ரீச்சர் வாய்க்கு வாய் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பமாம், குடும்பம்!

தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குப் பயந்து வடகரையை விட்டு ஓடிவந்து, வலிகாமத்துத் தோட்டக் கிராமம் ஒன்றில் கொட்டில் போட்டு இருந்தோம். அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னையும் என்னைப்போல ஓடிவந்த சில பெட்டைகளையும் கடைசி வரிசை வாங்கில் இருத்தினார்கள். முன் வாங்குக்காரிகள் எல்லாம் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். தண்ணீர்ப் போத்தலை மட்டும் எங்கள் கைக்கு எட்டாமல் தள்ளி வைப்பார்கள். இருந்தும் அவர்களில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

வாணி விழா வந்தது. வகுப்புக்கு ஒரு நாள் பூசை. பிள்ளைகள் வீட்டிலிருந்து குழைத்துக் கொண்டுவரும் அவலை எல்லாம் ஒரே பேசின் சட்டியில் கொட்டிக் கலந்து, சரஸ்வதிக்குப் படைத்து, பிறகு எல்லாருக்கும் பங்கிடுவது அங்கே வழக்கம். யார் என்ன கொண்டுவருவது என்று ரீச்சர் சொன்னார். முன் வாங்குக்கு அவல், கடலை, மோதகம். எங்களுக்குப் பூ, கற்பூரம், தேங்காய்.

“ரீச்சர், நானும் அவல் கொண்டுவாறன்.”

“உனக்கேன் பிள்ளை கரைச்சல்? இடம்பெயர்ந்து வந்து கஷ்டப்படுறியள். ஒரு தேங்காயே காணும்.”

அந்தக் கரிசனையை நான் நம்பிவிட்டேன். அம்மா நம்பவில்லை.

“கடற்கரைச் சனத்தின்ரை வீட்டிலை அவை கை நனைக்க மாட்டினம். உடைக்காத தேங்காயெண்டால் ஆர் தொட்டாலும் பறவாயில்லை. விளங்குதோ?”

விளங்கியதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. “அப்ப அவல்தான் கொண்டுபோவன். குழைச்சுத் தாங்கோ” என்று நின்றேன். அம்மா பள்ளிக்கூடத்துக்கென்று எடுத்துவைத்த தேங்காயையே உடைத்துத் துருவினார். தம்பியின் பாலுக்கென்று ஒளித்துவைத்திருந்த நிவாரணச் சீனியையும் போட்டுக் குழைத்தார்.

காலையில் ரீச்சர் சரஸ்வதி படத்துக்கு மாலை போடத் திரும்பிய நேரம், என் அவலைப் பேசினில் கொட்டி அடிவரை பிரட்டிவிட்டேன்.

“எங்கை உன்ரை தேங்காய்?”

“அவலுக்குள்ளை கிடக்கு, ரீச்சர்.”

அவர் முகம் செத்துப்போனது. ஆனால் மணியடித்துப் பூசை தொடங்கியாகிவிட்டது. படைத்ததை வேண்டாம் என்று சொல்ல எவளுக்கும் துணிவில்லை. வாழையிலைத் துண்டில் வாங்கினார்கள், கண்ணில் ஒற்றினார்கள், மடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு வயிற்றுக்குத்தாம். இன்னொருத்தி வீட்டில் போய்ச் சாப்பிடுவாளாம். ரீச்சருக்கு விரதமாம். சாமிக்குப் படைத்த அவலுக்கு என்ன விரதம்? கடைசி வாங்கு மட்டும் அங்கேயே இருந்து தின்றது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். வாசல் படலைக்கு வெளியே கிளுவை வேலியடியில் அந்த மடித்த இலைகள் கிடந்தன. காகங்கள் கொத்திக்கொண்டு நின்றன. அவர்களுடைய அம்மாமார் குழைத்த அவலும் அதற்குள்தான் இருந்தது. அதையும் சேர்த்தே எறிந்திருந்தார்கள். அந்த வாங்குகளில் இடம் கேட்கும் ஆசை அந்த வேலியடியிலேயே எனக்கு விட்டுப்போனது.

கொட்டில் வாசலில் அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் சாப்பிட்டவையே?”

“ஓம். ஒண்டும் மிச்சமில்லை.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “நான்தான் பிழையா நினைச்சிட்டன். உன்ரை ரீச்சர் நல்ல மனுசி, என்ன?” என்றார்.

காகம் தின்ற அவலுக்காக அல்ல, அம்மாவின் வாயால் அப்படிச் சொல்லவைத்ததற்காகத்தான் அந்த மனுசியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.