அறுபதில் நடுங்கும் வண்டி

திருவேற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஏறக்குறைய எல்லோரிடமும் புதுக் கார் இருக்கிறது. என்னுடையது மட்டும் மூன்று வரிசை இருக்கை கொண்ட பழைய டீசல் வண்டி. இன்ஜின் முன்னால், வண்டியைத் தள்ளுகிற சக்கரம் பின்னால். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புக் குழாய் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு ஷாஃப்ட் என்று பெயர். போன மழைக்காலம் முடிந்த கையோடு அது நடுங்கத் தொடங்கியது.

ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டியதும் தரைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். அறுபதில் நடு இருக்கை முழுக்க அதிரும். அதில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் குரல், ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் வாயை வைத்துப் பேசியதுபோல் துண்டு துண்டாக வரும். எழுபதில் எல்லாம் அடங்கிவிடும்.

"ஏங்க, ஒண்ணு ஐம்பதுல போங்க, இல்லாட்டி எழுபதுல போங்க. இந்த ரெண்டுங்கெட்டான் வேகம் வேண்டாம்" என்றாள் என் மனைவி. எழுபதுக்குப் போக வேண்டுமென்றால் அறுபதைக் கடந்துதான் ஆக வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கம் அதிர்ந்துகொண்டே வெளிவந்ததால் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

முதலில் டயர் கடைக்குப் போய் நான்கு சக்கரங்களுக்கும் பேலன்ஸிங் செய்தேன். குறையவில்லை. பிறகு பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வயதுக்காரர். உரத்த குரல். தான் சொன்னது தப்பு என்று இதுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாதவர் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னா சார் நீ? வண்டி பூ மாறி போவுது. எங்க ஆடுது?"

"அறுபதுல போனாத்தான் ஆடும்."

"பூந்தமல்லில எவன் சார் அறுபதுல போறான்?"

அவர் கேட்டது நியாயம்தான். திருவேற்காட்டிலிருந்து என் அலுவலகம் இருக்கும் அம்பத்தூர் வரைக்கும் போனாலும் வண்டி அறுபதைத் தொடாது. வாரம் முழுக்க ஆரோக்கியமாக இருந்துவிட்டு வெளிவட்டச் சாலையில் ஏறியதும் நோயில் விழுகிற வண்டி அது. அவரை வெளிவட்டச் சாலைக்கே அழைத்துப்போனேன். நாங்கள் இருவர் மட்டும் போனதில், அறுபதில் லேசாக ஒரு முனகல் வந்ததோடு சரி. எனக்கு அவமானமாகிவிட்டது. டாக்டர் முன்னால் காய்ச்சல் இறங்கிப்போன குழந்தையின் அப்பாவைப்போல் உட்கார்ந்திருந்தேன்.

"வெயிட்டு இல்ல சார்" என்றார் அவர். "பின்னாடி ஆளு ஏறுனாதான் பாடி எறங்கும், ஷாஃப்ட்டு கோணம் மாறும். அப்பதான் அது பேசும். நாளைக்கு நல்லா கனமா ஆளுங்கள இட்டுகினு வா."

கனமான ஆட்களுக்கு எங்கே போவது? வீட்டில் என் மாமனார் இருந்தார். கரூரிலிருந்து முதுகுவலி வைத்தியத்துக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தார். குனிய முடியாது, நிமிர முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஓர் ஆள் வேண்டும். பிசியோதெரபி, பெல்ட், எண்ணெய், எதற்கும் வலி மசியவில்லை. வெளியே போய் நாளாயிற்று, நானும் வருகிறேன் என்றார். படியிறங்கும்போது கீழ்வீட்டு அம்மா என்ன விசேஷம் என்று விசாரித்தார். எங்கள் அடுக்ககம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல்வயல். நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த வீடுகளில் ஒன்றில் அவரே இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வெயிட்டுதானே வோணும்? நான் கீறேன் பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மெக்கானிக் இருக்கையில் உட்காரவில்லை. நடு இருக்கைக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டார். பின்னால் மாமனாரும் கீழ்வீட்டு அம்மாவும். ஐம்பத்தைந்தில் உறுமல் தொடங்கியது. அறுபதில் வண்டி தன் முழு மகிமையையும் காட்டியது.

"கியர எடு சார்! நூட்ரல்ல உடு!" என்று கத்தினார் மெக்கானிக்.

நியூட்ரலில் விட்டேன். இன்ஜின் சத்தம் தணிந்தது. நடுக்கம் அப்படியே இருந்தது.

"இன்ஜின் இல்ல. ஸ்டேரிங்கும் ஆடல, அதனால முன் சக்கரமும் இல்ல. ஷாஃப்ட்டுதான். நான் அப்பவே சொன்னேன்" என்றார். முதன்முதலில் அவர் சொன்னது பூ மாதிரி போகிறது என்பதுதான்.

வேகம் குறைந்து நடுக்கம் அடங்கியபோது பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"மாப்ள, நிறுத்திராதீங்க. அதே வேகத்துல இன்னுங் கொஞ்ச தூரம் போங்க."

சோதனைக்கு உதவுகிறார் என்று நினைத்து மறுபடி அறுபதுக்கு ஏற்றினேன். கண்ணாடியில் பார்த்தால் கண்ணை மூடியிருந்தார். கன்னச் சதை ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படியொரு அமைதியை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கதவைத் தானே திறந்து, எதையும் பிடிக்காமல் இறங்கினார். இறங்கியவர் குனிந்து வேட்டி நுனியைத் தட்டிவிட்டார்.

"குனிஞ்சிட்டேன்" என்றார் எங்களைப் பார்த்து.

"எனக்கும் இடுப்புல புட்ச்சுகினு இருந்தது உட்டுச்சு பா" என்றார் கீழ்வீட்டு அம்மா.

மறுநாள் காலையில் மாமனார் சலவைச் சட்டையோடு வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சோதனைக்குப் போகவில்லையா என்று கேட்டார். சோதனை முடிந்துவிட்டது, இனி ரிப்பேர்தான் என்றேன். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்றார். கீழ்வீட்டு அம்மா அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். சாவியை எடுத்துவந்தேன். அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் வெளிவட்டச் சாலையில் இருவரையும் அறுபதில் ஓட்டிக் காட்டிவிட்டு வருவது அந்த வாரம் முழுக்க என் வேலையாயிற்று. வேகம் அறுபத்தைந்துக்கு ஏறினால், "கம்மி பண்ணு, கம்மி பண்ணு" என்று பின்னாலிருந்து அதட்டல் வரும்.

என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா, அந்த ஷாஃப்ட் கழண்டு ரோட்ல விழுந்தா வண்டியோட எல்லாரும் போயிருவோம்."

"விழுகறப்பப் பாத்துக்கலாங் கண்ணு."

"முதுகுக்கு டாக்டர் இருக்காரு. அதுக்குக் கார் எதுக்கு?"

"டாக்டரு எங்க குணப்படுத்துனாரு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றே வண்டியைப் பூந்தமல்லிக்கு ஓட்டினேன். மாமனாரும் கூடவே வந்தார். ஷெட்டில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருக்கிறவரைப்போல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கவைபோல ஒரு பிடி இருக்கிறது. அந்தக் கவையைப் பக்கத்துப் பாகத்தோடு சேர்ப்பது கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத்துண்டு. அதைக் கிராஸ் என்கிறார்கள். பின்பக்கத்துக் கிராஸ் கிரீஸ் வறண்டு, துருப்பொடி கக்கிக்கொண்டு, கையால் ஆட்டினாலே லொடலொடவென்று ஆடியது. புதிதாக வாங்கிப் போட்டு ஷாஃப்ட்டை ஏற்றினார் மெக்கானிக்.

"இனிமே டம்ளர்ல பாலை வெச்சுகினு போ சார். ஒரு சொட்டு சிந்தாது."

வழியில் கீழ்வீட்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வெளிவட்டச் சாலைக்குப் போனோம். நாற்பதிலேயே உறுமல் ஆரம்பித்தது. ஐம்பதில் டாஷ்போர்டு படபடவென்று அடித்தது. அறுபதில் நடுக்கண்ணாடி பிய்த்துக்கொண்டு என் மடியில் விழுந்தது. பழைய நடுக்கமெல்லாம் இதற்கு முன்னால் தாலாட்டு.

"பிரமாதம்!" என்றார் மாமனார், தாடை தடதடக்க.

தரையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக், பாராட்டைக் கேட்ட பழக்கத்தில், "டாங்ஸ் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் விழித்துக்கொண்டார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் குற்றம் ரோட்டின்மேல் போனது, பிறகு டயரின்மேல், பிறகு நான் கிளட்சை விடுகிற விதத்தின்மேல். கழற்றுவதற்கு முன்னால் நான் வண்டிக்கு அடியில் படுத்து செல்போனில் ஒரு படம் எடுத்திருந்தேன், பாகம் விற்கிற கடையில் காட்டுவதற்காக. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. இப்போது அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்று நின்றது, மற்றது சாய்ந்திருந்தது. ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இடத்தில் மெக்கானிக் பல் மாற்றிச் செருகிவிட்டார்.

படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். செல்போனைத் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற வண்டி சார்."

"என் வண்டிதான். இதோ என் செருப்பு தெரியுது பாருங்க."

"தலகீயா எடுத்துகீற."

பிறகு அடியில் நுழைந்து, ஷாஃப்ட்டை உருவி, கவைகளை ஒரே நேராக வைத்துத் திரும்பச் செருகினார். வெளியே வந்ததும், "நான் டெஸ்ட் பண்ணேன், நீ கண்டுபுடிக்கிறியான்னு" என்றார். அவரும் நானும் அதை நம்புவதாக ஒப்புக்கொண்டோம்.

பெரிய நடுக்கம் போய்விட்டது. மெல்லிய அதிர்வு ஒன்று மட்டும் மிச்சம். அதற்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்னைக் கியரில் ஓட்டச் சொல்லிவிட்டு, சுழலுகிற ஷாஃப்ட்டின் அருகே ஒரு சாக்பீஸைக் கட்டையில் கட்டி நீட்டினார். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் வீசி வந்து சாக்பீஸில் உரசும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கனம் சேர்க்க, தண்ணீர்க் குழாயை இறுக்குகிற சாதாரணக் கிளிப் ஒன்றை ஷாஃப்ட்டைச் சுற்றி மாட்டினார். கொஞ்சம் நகர்த்துவார், ஓட்டிப் பார்ப்போம், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் நகர்த்துவார்.

கடைசி ஓட்டத்தில் அறுபதைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. மெக்கானிக் தரையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் மாமனார்.

"ஆமா மாமா! சரியாயிடுச்சு!"

"ஒண்ணுமே தெரியல மாப்ள."

"சப்புன்னு கீது பா" என்றார் கீழ்வீட்டு அம்மா.

அதற்குப் பிறகு மாமனார் வண்டியில் ஏறவில்லை. பெல்ட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார். என் மனைவி அதைப் பார்த்துப் பார்த்து உருகினாள். ஆனாலும் சரிசெய்தது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை முற்பகல் மெக்கானிக்கிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"சார், உன் மாமனார் இங்க வந்துகீறாரு. அடுத்த தபா உன் வண்டி வந்தா அந்தக் கிளிப்ப கயட்ட சொல்றாரு."

"என்னது?"

"கயட்டலன்னா கூட பரவால்லயாம், ஒரு விரக்கட நகர்த்தி உடணுமாம். இன்னா சார் இது, நான் கஸ்டப்பட்டு செஞ்ச வேலைய நானே கெடுக்கறதா? கீய்வூட்டு அம்மாவும் கூட வந்து சண்ட போடுது."

நான் போய்ச் சேர்வதற்குள் இருவரும் ஷெட்டிலிருந்து கிளம்பியிருந்தார்கள். மெக்கானிக் பேருந்து நிலையத்தின் பக்கம் கையைக் காட்டினார். அங்கே திருவேற்காடு போகிற ஷேர் வேன் ஒன்று ஆள் சேர்த்துக்கொண்டு நின்றது. கடைசி இருக்கையில், பின்சக்கரத்துக்கு நேர்மேலே, மாமனாரும் கீழ்வீட்டு அம்மாவும் இடம்பிடித்திருந்தார்கள். வண்டி கொண்டுவந்திருக்கிறேன், இறங்குங்கள் மாமா என்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்:

"இது முப்பதுலயே ஆடுது மாப்ள. வரும்போதே பாத்துட்டேன். நீங்க போங்க, நாங்க வந்தர்றோம்."

வேன் கிளம்பியது. தோண்டிப்போட்ட சாலையில் அதை முந்த வழியில்லாமல், வீடுவரைக்கும் அதன் பின்னாலேயே என் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வேனின் பின் கண்ணாடியில் இரண்டு தலைகள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தன.