நாலு சுவிசேஷகர் சிடி

ததேயுஸ் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கடியப்பட்டணத்தில் இது புதிதில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மைக் செட்டுக்காரன் குடியிருந்தால் என்ன பாடு என்பது எனக்குத்தான் தெரியும். ஆம்ப்ளிஃபயர், ஆளுயரப் பெட்டிகள், வாய் பிளந்த குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் அவன் முன்னறையில்தான் கிடக்கும். எதையாவது பழுது பார்த்தால் உடனே பாட்டுப் போட்டுப் பார்த்தாக வேண்டும். என் அலமாரியில் தம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடும். "ஏலே ததேயுஸ், என்னையக் கொல்லப் போறியா?" என்று உலக்கையால் சுவரில் இடிப்பேன். "இந்தா கொறைச்சாச்சு குளோரியக்கா" என்பான். குறைக்கவே மாட்டான்.

அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்ததும் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். சின்ன வயதில் சில தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு அவன் அப்பாவே கைகழுவிவிட்டார். எங்கள் ஊரில் கடலுக்குப் போகாத ஆம்பளைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரைக்காரன், கரைக்காரன் என்று முகத்துக்கு நேரே கேலி செய்தார்கள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வான். அப்படிச் சொன்னவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அவன்தான் போய்க் குழாய் கட்ட வேண்டியிருந்தது.

இனி அந்த சிடிக்கு வருகிறேன். 2006 திருவிழாவுக்கு முன்னால், துபாயில் இருந்த மச்சான் ஞானதாசனிடம், "இங்கிலீஷ்ல நல்ல ஜெபப்பாட்டு சிடி ஒண்ணு கொண்டு வாரும்" என்று ததேயுஸ் போனில் சொல்லியிருந்தான். அவரும் கொண்டு வந்தார். அட்டையில் நாலு பேர். தோள் வரைக்கும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி. ஒருத்தன் வெள்ளை அங்கியில் கையை விரித்து வானத்தைப் பார்த்து நிற்கிறான், பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறது. வாங்கி வந்தவருக்கும் சந்தேகம் வரவில்லை, கையில் வாங்கினவனுக்கும் வரவில்லை. "சுவிசேஷம் எழுதின நாலு பேரு அக்கா. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்" என்று ஒவ்வொருவர் மேலும் விரலை வைத்து எனக்குக் காட்டினான். நானும் பக்தியாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

கொடியேற்று நாள். ஜெபமாலை முடிந்து கொடி மேலே ஏறுகிறது. சாமியார் கயிற்றைப் பிடித்திருக்கிறார். ததேயுஸ் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினான். என் மாதாவே! டிரம்மும் கித்தாரும் இடிந்து விழுந்தன. நடுவில் ஒருத்தன் தொண்டை கிழிய அலறுகிறான். மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமும் பறந்தன. சாமியார் கயிற்றை விட்டுவிட்டார், கொடி பாதியில் நின்றது. இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ரெஜின், ததேயுஸின் ஒரே மகன், கொடிமரத்தடியில் இடுப்பை வெட்டி வெட்டி ஆடினான். அவன் அம்மா விக்டோரியா ஓடிவந்து காதைத் திருகி இழுத்துப் போனாள்.

நல்லவேளை, சாமியார் சிரிக்கத் தெரிந்த மனுஷன். அது பழைய ராக் இசைக்குழு என்று அவர்தான் விளக்கினார். "ததேயுஸ், ஒன் நாலு சுவிசேஷகரையும் பத்திரமா வீட்டுல வச்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து ஊரில் அந்த சிடிக்கு அதுதான் பெயர்.

வீட்டில் வைத்துக்கொண்டால் என் கதி என்ன ஆவது? பெட்டிகளைச் சோதிக்க அதைவிட நல்ல சிடி கிடையாது என்று கண்டுபிடித்துவிட்டான். எந்த விசேஷமானாலும் தொடங்குவதற்கு முன்னால் நாலு சுவிசேஷகர். எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகும் அதையே போட்டுவிட்டுத்தான் சாமான்களைக் கட்டுவான். கடைசிப் பாட்டு மட்டும் மெதுவாக இருக்கும், ஒரு கித்தாரும் ஒரு ஆளின் குரலும்தான். அது தொடங்கினால் ததேயுஸ் வயரைச் சுருட்டத் தொடங்குவான். முடிந்தால் சுவிட்சை அணைப்பான். ரெஜின் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பாட்டுக் கேட்டதும், "அப்பா சாமான் கெட்டப் போறாரு" என்று ஓடி வந்துவிடுவான். அணைப்பதற்குள் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும் அவனுக்கு. பெரியவனான பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்ததும் அட்டையை என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினான். "பெரியம்மா, இது ஒரே சமயத்துல பாடினது இல்ல. காலம் முழுக்கப் பாடினதுல ஜெயிச்ச பாட்டை மட்டும் பொறுக்கிச் சேத்திருக்கு."

"ஜெயிச்சதே இந்த லெட்சணம்ணா, தோத்தது எப்பிடி மக்கா இருக்கும்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போது அவனுக்குக் கண் இரண்டும் மூடிக்கொள்ளும்.

கரைக்குத் திரும்புகிற வள்ளங்களுக்குக் கூட அந்தச் சத்தம் பழகிவிட்டது. காற்று வாகாக இருந்தால் கொஞ்ச தூரம் கடலுக்குள்ளும் கேட்குமாம். "நாலு சுவிசேஷகரு பாடுகாவ, கரை வந்தாச்சு" என்று சொல்லிக்கொள்வார்களாம். ததேயுஸுக்கு அதில் ஏகப் பெருமை.

மைக் செட்டை மகன் எடுத்து நடத்துவான் என்று அவன் நினைத்திருந்தான். ரெஜின் பதினெட்டு வயதில் சேக்காளி பெனிட்டோவோடு கடலுக்குப் போனான். "அப்பாவைக் கரைக்காரன்ணு சொன்ன வாயை எல்லாம் அடைக்கணும் பெரியம்மா" என்று என்னிடம் சொன்னான். விக்டோரியா அழுதாள். மகன் முதல் மீன் கொண்டுவந்த அன்றைக்குத் ததேயுஸ் சிடியை முழு சத்தத்தில் வைத்தான். அன்று நான் சுவரில் இடிக்கவில்லை.

2017 நவம்பர் கடைசி. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய்வந்துவிட்டுத் திருவிழாவுக்குப் போகலாம் என்று ரெஜினும் பெனிட்டோவும் வள்ளத்தைத் தள்ளினார்கள். மறுநாள் ஒக்கி புயல் அடித்தது.

மரங்கள் சாய்ந்தன, கரண்ட் கம்பங்கள் முறிந்தன, ஓடுகள் பறந்தன. பெண்கள் எல்லாரும் கோயிலுக்குள் போய் முழங்காலில் விழுந்தார்கள். விக்டோரியாவும் அங்கேதான் கிடந்தாள். ததேயுஸ் மட்டும் இரண்டு குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். கடலைப் பார்க்கத் திருப்பிக் கட்டினான். மழையும் இருட்டுமாகக் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் பிள்ளை தவிப்பான், பாட்டுக் கேட்டால் வந்துவிடுவான், அவ்வளவுதான் அவன் கணக்கு. கரண்ட் கிடையாது. ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பகல் முழுக்கக் கயிற்றை இழுத்தான், உள்ளங்கை கிழிந்தது. நான் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றேன். பொழுது சாய்கிற வரைக்கும் இழுத்துப் பார்த்தான். அது இருமக்கூட இல்லை. குழாயிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துக் காயவைத்து, உச்சிக்குப் பிறகு ஓடவைத்தான். அப்புறம் நிறுத்தவே இல்லை. ஆனால் கடைசிப் பாட்டை மட்டும் ஓடவிடவில்லை. அது தொடங்குவதற்கு முன்னாலேயே மறுபடியும் முதலிலிருந்து வைப்பான்.

"ஏன்லே அதை விடமாட்டேங்க?" என்று கேட்டேன்.

"கடைசிப் பாட்டு கேட்டா, நான் சாமானைக் கெட்டிட்டு வீட்டுக்குப் போறேன்ணு நெனச்சிருவான் அக்கா."

ஊரில் பல வீட்டில் ஆள் திரும்பவில்லை. ஒருத்தன் வந்து, "எழவு விழுந்த நேரத்துல கூத்தா?" என்று வயரைப் பிடுங்கப் பார்த்தான். "தொட்டுப் பாருலே, கையை முறிச்சிப்போடுவேன்" என்றேன். அந்தப் பாட்டுக்காக நான் சண்டைக்கு நிற்பேன் என்று யார் கண்டது?

உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஆளாகக் கேரளத்திலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் போன் செய்தார்கள். பெனிட்டோவை யாரோ விசைப்படகுக்காரர்கள் கடலிலிருந்து தூக்கி, கொல்லம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவன் ஊருக்கு வந்ததும் நேரே ததேயுஸ் வீட்டுக்குத்தான் வந்தான். உதடெல்லாம் வெடித்து, முகம் தோலுரிந்து போயிருந்தது. தனியாகத்தான் வந்தான். அவனைப் பார்த்ததுமே விக்டோரியாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அவன் சொல்லட்டும் என்று தரையில் உட்கார்ந்தாள்.

"வள்ளம் மறிஞ்ச பொறவு ரெண்டுவேரும் அதும்மேல தொத்திப் பிடிச்சுக் கெடந்தோம் மாமா" என்றான். "புயல் அடிச்ச அண்ணைக்கு சாயங்காலம். இருட்டப் போற நேரம். திடீர்ண்ணு சிரிச்சான். 'ஏலே கேக்கியா? நாலு சுவிசேஷகரு பாடுகாவ. கரை கிட்டத்தான் கெடக்கு'ண்ணான். எனக்கு ஒண்ணும் கேக்கல்ல, காத்துச் சத்தம்தான். 'கடைசிப் பாட்டு வந்தாச்சு மக்கா, அப்பா இப்பம் வயரைச் சுருட்டிருவாரு'ண்ணு சொல்லிட்டுக் கையை விட்டுட்டு நீந்தினான். நான் பிடிச்சேன் மாமா. சட்டைதான் கிடைச்சுது."

விக்டோரியா அழவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணைக்குப் பாட்டுப் போட்டீங்களா?"

ததேயுஸ் எழுந்து வெளியே போனான். நான் பின்னாலேயே போனேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரின் வாசல் பக்க முனையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, அண்ணைக்கு ஜெனரேட்டர் ஓடல்ல. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்லே."

"ஓடிச்சுண்ணு அவகிட்ட சொல்லுங்க."

"புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? ஒன் பாட்டைக் கேட்டுத்தான் கையை விட்டாண்ணு ஆயிருமே. காலம் முழுக்க அவ ஒன்னையச் சும்மா விடுவாளா?"

"விடாண்டாம். என்னையக் கொல்லட்டும். எம்பிள்ள ஒண்ணுமே இல்லாத பக்கமாட்டு நீந்திச் செத்தாண்ணு மட்டும் அவளுக்குத் தெரியாண்டாம் அக்கா."

விக்டோரியா வாசலுக்கு வந்துவிட்டாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குளோரியக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணைக்குப் பாட்டு ஓடிச்சா?"

எத்தனை வருஷம் அந்தப் பாட்டை நான் சபித்திருப்பேன். ஒரு தடவை, அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அது ஓடியிருக்கக் கூடாதா?

"ஓடிச்சுட்டி" என்றேன். "கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடிச்சு. கொறைலே, கொறைலேண்ணு நான்தான் கெடந்து கத்தினேன். இவன் கொறைக்கவே இல்ல."