மஞ்சள் பூசிய உத்தரம்

நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஒல்லாந்தர் கப்பல்களுக்குப் படகோட்டிய கூலியில் என் கணவர் எங்கள் ஊரான பசியாவரத்தில் வீடு கட்டினார். உத்தரத்துக்குப் புது மரம் என்று சொல்லித்தான் மேஸ்திரி கொண்டுவந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூசையையும் முடித்துவிட்டான்.

மஞ்சள் அளவுக்கு மீறி அப்பியிருந்தது. தட்டிப் பார்க்கப் போனேன்.

“பூசை போட்ட மரம்மா, அடிச்சா குத்தம்” என்று தடுத்தான்.

“அடிக்கலை, குளிப்பாட்டுறேன்” என்றேன்.

எங்கள் ஆட்கள் படகைக் கரையேற்றினால், புழு அரித்திருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றித்தான் பார்ப்பார்கள். உத்தரத்தின் ஒரு முனை கல்மேல் உயர்ந்திருந்தது. அங்கே மஞ்சளைச் சுரண்டினேன். விரல் நுழையும் பொத்தல்! குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றினேன். மரத்தின் நடுவிலிருந்து அது மஞ்சளாக ஒழுகியது. கடல் புழு அரித்த, உடைந்த கப்பலின் கட்டை அது. அதன் கீழேதான் என் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

மேஸ்திரியை உண்டு இல்லை என்று ஆக்குவார் என்று கணவரைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா காரியம் பண்ணிட்டே! சாமிக்கு வெச்ச மஞ்சளைக் கழுவிட்டியே!”

வேறு மரம் வந்தது. மேஸ்திரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிகாரப் பூசை எனக்குத்தான். அதைச் செய்துவைத்தவனும் அவன்தான்.

அன்று முதல், எங்கே மஞ்சள் கெட்டியாகப் பூசியிருந்தாலும் என் நகம் சும்மா இருப்பதில்லை.