கோந்த்வாவில் அசையாத மீன்கள்

புனேயின் ஜனவரிக் குளிரில் கோந்த்வா சாலையோரம் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறேன். எதிரே வண்ணமீன் கடை. சாலையைக் கடந்து உள்ளே எட்டிப் பார்த்தால், எல்லாத் தொட்டிகளிலும் மீன்கள் அடிமணலில் சாய்ந்து கிடக்கின்றன. இமையில்லாத கண்கள் என்னையே பார்க்கின்றன.

“ஐயோ, செத்துப்போச்சா?” என்னையறியாமல் தமிழில் கேட்டுவிடுகிறேன்.

“அரே, தமிழா? தெரியலண்ணா,” என்கிறார் கடைக்காரப் பெண். “நேத்துலேர்ந்து லைட் இல்ல, ஹீட்டர் ஓடல. தண்ணி ஆறினா இப்படி விறைச்சுக் கிடக்கும்.”

என் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறது. திறக்கிறேன்.

“ஊத்தாதீங்க! சட்டுனு சூடானா தாங்காது.”

என் வெந்நீரோடு, கேஸ் அடுப்பில் காய்ச்சியதையும் அவர் பாட்டில்களில் அடைத்துத் தொட்டிகளுக்குள் மிதக்கவிடுகிறார். நானும் உதவுகிறேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செவுள் திறக்கிறது. ஒவ்வொன்றாக நிமிர்ந்து, எல்லாம் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து மூடுகின்றன.

“பிழைச்சுடுச்சு!” என்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. “போன குளிர்லயும் இப்படித்தான் எந்திரிச்சு நீந்துச்சு. தீனிகூட தின்னுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சல.”

வாசலில் ஒரு குடும்பம் மீன் வாங்க வந்து நிற்கிறது.

“ஆஜ் நஹி,” இன்று விற்பதில்லை என்று அவர்களிடம் இந்தியில் சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்குகிறார். மீன்கள் நீந்திக்கொண்டே இருக்கின்றன.