நான் விடமுடியாத பாடத்தை அம்மன் எடுத்துக்கொண்டாள்

எங்கள் தோட்டத்து முத்துமாரியை நம்பி வாழ்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். திருவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கோயில் கமிட்டியில் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003ஆம் ஆண்டு. நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். அந்த வருடம் நான் அழுத அழுகை அப்பா செத்தபோதுகூட அழுததில்லை. எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. படிப்புக்காக அழுதேன். படிப்புக்கெல்லாம் இப்படியா அழுவாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

என் அம்மா கஹவத்தைக்கு மேலே உள்ள நம் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர். நம் பக்கத்தில் தமிழில் உயர்தரக் கணிதம் படிக்க வசதி இல்லை என்று அட்டனில் சித்தி வீட்டில் என்னை விட்டுப் படிக்க வைத்தார். கெம்பஸ் போனபோது எல்லாம் இங்கிலிஷ். முதல் வருடம் பாதி புரியாமலே போனது. ஆனாலும் தூய கணிதத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதில் ஒன்றை ஆம் என்று நிரூபித்துவிட்டால் தோட்டத்துத் துரையே வந்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது. நம் மாதிரி ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். பட்டம் முடித்து, மேற்பட்டப் படிப்புக்கு வெளிநாடு போய், ஒருநாள் நானும் விரிவுரையாளராக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மூன்றாம் வருடத்தில்தான் வழி பிரியும். ஒரு பக்கம் புள்ளிவிபரவியல், கம்பியூட்டர். படித்தால் கொழும்பில் ஏதாவது வேலை நிச்சயம். மறுபக்கம் பகுப்பாய்வு, அட்சரகணிதம், இடத்தியல் என்று தூய கணிதம். மேற்பட்டப் படிப்புக்கு அதுதான் வேண்டும். ஆனால் அதில் தோற்றால் வேலையும் இல்லை, மேல்படிப்பும் இல்லை. கொழும்புப் பிள்ளைகளுக்குக் கேட்க அண்ணன், அக்கா இருந்தார்கள். நான் யாரைக் கேட்பது?

லீவுக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோயில் பக்கம் கை காட்டினார்.

"எனக்கு என்னா தெரியும் புள்ள? மாரியம்மாகிட்டயே பூ கேட்டுப் பாப்போம்."

நம் வீடுகளில் கல்யாணம், ஆப்பரேஷன், வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் பூக்கட்டிப் பார்ப்போமே, அப்படி என் பாடங்களுக்கும் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை என்றால் தூய கணிதம், சிவப்பு என்றால் கம்பியூட்டர். பூசாரி மாமா பூக்களைத் தனித்தனியே மடித்துக் கட்டிய இரண்டு வெற்றிலைப் பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்து தீபம் காட்டினார்.  யாரும் கேட்காமலே மனதுக்குள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். "தாயே, வெள்ளை வந்தால் தூய கணிதத்தில் இருக்கிற அத்தனை பாடத்தையும் எடுக்கிறேன். ஒன்றையும் விடமாட்டேன்."

பூசாரி மாமா ஒன்றை எடுத்துப் பிரித்தார், வெள்ளை வந்தது. நான் விழுந்து கும்பிட்டேன்.

சொன்னபடி ஐந்து கோர்ஸையும் எடுத்தேன். நான்கு போதும், ஐந்தாவது கட்டாயம் இல்லை. அந்த ஐந்தாவதுதான் அளவைக் கோட்பாடு. பகுப்பாய்வின் இரண்டாம் கோர்ஸைப் படித்து முடித்தவர்கள் எடுக்கிற பாடம். நான் இரண்டையும் ஒன்றாக எடுத்தேன். மாடி கட்டிவிட்டுப் பிறகு அஸ்திவாரம் தோண்டின கதைதான். முதல் வாரம் தலை சுற்றியது. மூன்றாம் வாரம் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். கேள்வியை வாசிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு போகவில்லை. இதைப் பிடித்துத் தொங்கியதில் மற்ற நான்கு பாடங்களும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

பாடம் எடுத்த மேடம் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

"இதை இந்த வருஷம் விட்டுடுங்க. அடுத்த வருஷம் எடுக்கலாம். விடாட்டி மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிடும். உங்களுக்குப் பட்டத்துல நல்ல கிளாஸ் கிடைக்காது, மேல்படிப்பும் இல்ல. விலகுறதுக்குத் திங்கக்கிழமைதான் கடைசி நாள்."

மேடம் சொன்னது அத்தனையும் சரி. எனக்கும் தெரியும். ஆனால் அம்மன் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேனே! அதைப் போய் அந்த மேடத்திடம் எப்படிச் சொல்வது? "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து ஹொஸ்டலில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். விட்டால் சாமி குற்றம். விடாவிட்டால் என் வாழ்க்கை போச்சு. எந்தப் பக்கமும் அசைய முடியவில்லை.

என் அறையில் கூட இருந்தவள் நில்மினி. வரக்காப்பொல ஊர், சிங்களப் பிள்ளை, அவளும் அதே ஐந்து பாடம். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். என்ன என்று விடாமல் கேட்டாள். முதலில் மறைத்தேன். சிரிப்பாளோ என்று பயம். பிறகு பூ, வாக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அனே, ஐயோ சரோ, திரும்பவும் பூ வச்சுக் கேக்க முடியாதா?"

"ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவ கேக்கக் கூடாது."

"கேட்டுப் பாரேன். ஊருக்குப் போய்ட்டு வா."

சனிக்கிழமை பஸ் ஏறினேன். இரத்தினபுரியில் மாறி, பெல்மதுளையில் மாறி, கஹவத்தையில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டு ஏறினேன். எப்படியாவது பூசாரி மாமாவின் காலைப் பிடித்தாவது கேட்டுவிடுவது என்றிருந்தேன். எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குக் கிட்ட வரும்போதே பறைச் சத்தம் கேட்டது. எங்கள் லயத்தில் ஒரு சாவு. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். கோயில் பூட்டியிருந்தது. செத்தவர் எங்களுக்குச் சொந்தம் என்பதால் எனக்கும் தீட்டு. பூ கேட்பது இருக்கட்டும், கோயில் வாசலைக்கூட நான் மிதிக்க முடியாது.

அம்மா சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்தார். பைப்படியில் வைத்து அழுதுகொண்டே சொன்னேன். கேட்ட அம்மாவின் முகம் செத்துப்போனது.

"குடுத்த வாக்க மாத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல தாயி. நீ படுற பாட்டப் பாக்கவும் முடியல. நான் என்னா செய்வேன்?"

அம்மாவும் அழுதார். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுஷி அவர்தான். அவருக்கும் வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் புதைத்தார்கள். அன்று சாயங்காலம் கோயிலுக்குக் கீழே ரோட்டில், தீட்டுப் படாத தூரத்தில் நின்றேன். மரங்களுக்கு இடையில் கோயில் கூரை மட்டும் தெரிந்தது. என்னிடம் தேங்காய் இல்லை, சூடம் இல்லை. கை கூப்பி இவ்வளவுதான் சொன்னேன்: "தாயே, என்னால் விடமுடியாது. சுமக்கவும் முடியாது. நீயே எடுத்துக்கொள்." 

திங்கட்கிழமை பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நான் கெம்பஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒஃபிஸ் பூட்டியிருந்தது. விலகுகிற கடைசி நாளும் முடிந்தது. முடிவு எடுக்கிற பாரம் போய்விட்டது, தோற்கப்போகிற பாரம்தான் மிச்சம். அம்மன் கேட்கவில்லை என்றே நினைத்தேன். அன்று அவளைத் திட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அளவைக் கோட்பாட்டு வகுப்பு. தலைவலி என்று நில்மினி வரவில்லை. நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேடம் உள்ளே வந்தார், போர்டில் எழுத சோக்கட்டியை எடுக்கவில்லை.

"ஒரு கோர்ஸ் நடத்த ஆறு பேராவது வேணும். நேற்று ஒருத்தர் விலகிட்டாங்க. அதனால இந்த வருஷம் இது நடக்காது. அடுத்த வருஷம் வச்சுத் தாறேன்."

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அதிர்ச்சியில் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பையன் முதுகில் தட்டிக்கொடுத்தான். நான் விடவில்லை, உறவுகளே. பாடமே என்னை விட்டுப் போனது. நீயே எடுத்துக்கொள் என்றேன், எடுத்துக்கொண்டாள். கூரையை மட்டும் பார்த்துக் கும்பிட்டவளுக்கு அவள் செய்தது இது.

அதன் பிறகு எனக்கு மூச்சு வந்தது. இரண்டாம் பகுப்பாய்வை ஒழுங்காகப் படித்தேன். அட்சரகணிதத்தில் நல்ல மார்க் வந்தது. அடுத்த வருடம் அளவைக் கோட்பாட்டை எடுத்தேன். இந்த முறை கேள்வியும் புரிந்தது, பதிலும் வந்தது. வாக்கும் தவறவில்லை. அந்த மார்க்குகளைப் பார்த்துத்தான் வெளிநாட்டில் எனக்கு மேற்பட்டப் படிப்புக்கு இடம் தந்தார்கள். இன்று 2009இல் மாஸ்டர்ஸ் என்கிற முதுமாணி முடித்து, பி.எச்.டி. என்கிற கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சாட்சி இதோடு முடியவில்லை.

நில்மினி கடைசி வருடத்தில்தான் என்னோடு அளவைக் கோட்பாடு படித்தாள். மூன்றாம் வருடத்தில் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத புள்ளிவிபரவியலை எடுத்துத் திட்டிக்கொண்டே படித்தாள். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டபோதெல்லாம் வேறு பேச்சுப் பேசினாள். எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. அவ்வளவு படித்த மண்டை எனக்கு! பட்டமளிப்பு முடிந்து ஹொஸ்டலைக் காலி செய்த அன்றுதான் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கு விலகிய அந்த ஒருத்தர் யார்?

பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அம்மன் உன்னத்தானே விடக் கூடாதுன்னு கட்டி வச்சா? என்னை ஒண்ணும் சொல்லலியே."

அந்தப் பாடத்தில் அவள் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. நாங்கள் ஆறே பேர், ஒருத்தர் விலகினால் பாடம் நின்றுவிடும் என்று தெரிந்தே, நான் நின்று கும்பிட்ட மறுநாள் காலை அவள் போய், புள்ளிவிபரவியலுக்கு மாறுகிறேன் என்று சாக்குச் சொல்லி விலகியிருக்கிறாள். நான் கும்பிட்டது அவளுக்குத் தெரியாது.

அது சிநேகிதி செய்தது, சாமி எங்கே வந்தது என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நான் அவர்களோடு வாதாடப் போவதில்லை. நிரூபிக்கத் தெரிந்தவள்தான் நான், இதை நிரூபிக்க வரவில்லை. பூட்டிய கோயிலுக்குள் இருந்தவளுக்கு என் சத்தம் கேட்டது. என் அறையில் இருந்தவள் எழுந்து போனாள். எனக்கு அது போதும்.

வழி தெரியாமல் நிற்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மனிடம் சொல்லுங்கள். தீட்டு என்றால் தூரத்தில் நின்றாவது சொல்லுங்கள். கூட இருக்கிறவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு நில்மினியிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இன்று எங்கே இருந்திருப்பேனோ தெரியாது. முன்பெல்லாம் கஷ்டத்தை யாரிடமும் சொல்லமாட்டேன். இப்போது சொல்கிறேன்.

நில்மினி இப்போது அவள் ஊரில் கணித டீச்சர். நடந்ததைச் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது அவளுடைய நட்சத்திரத்தைத்தான். அவளுக்கும் ஜாதகம் இருக்கிறது, விசாரித்துச் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் எங்கள் வீட்டு அர்ச்சனைத் தட்டு போகும்போது பூசாரி மாமா அந்தச் சிங்களப் பெயரைத் தடுமாறித் தடுமாறி முதலில் சொல்கிறார். என் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. போன வருடம் நான் சும்மா, "ஏம்மா, பெத்த புள்ள ரெண்டாவதா?" என்று கேட்டேன்.

அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஆமா. ஒனக்காக அவ மொதல்ல எந்திரிச்சா."