கூட்டுத்தொகை ஒன்பது

நான் கணிதம் கற்பித்த கல்லூரியின் முதலாளிக்கு மூன்று கார்கள். எந்தக் காரின் எண்ணைக் கூட்டினாலும் ஒன்பதுதான் வரும். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் நடத்திச் சம்பாதித்து, பொள்ளாச்சி ரோட்டில் பொறியியல் கல்லூரி கட்டியவர். கல்வியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கித் தன் பீரோவில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான். எனக்கு வேறு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். கேட்கும்போதெல்லாம், "பொறுங்க அம்மணி, புதுக் கட்டடம் தொறந்துபோடலாமுங்க" என்பார்.

அந்தக் கட்டடம் கணிதத் துறைக்கு. வாசல் கருங்கல்லில் செதுக்கப் பெரிதாக ஏதாவது கேட்டார். 2147483647 என்று எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. கணினி இல்லாத காலத்திலேயே ஒருவர் கையால் கணக்குப் போட்டு அதை நிரூபித்திருக்கிறார். எனக்கு அந்த எண்மேல் அவ்வளவு மரியாதை.

"யாராலயும் பிரிக்க முடியாதுங்களா? பங்காளி வந்து பாக்கட்டும்!" என்று பூரித்துப்போனார். பெரியப்பா மகனோடு அவருக்குச் சொத்து வழக்கு.

விழாவன்று காலையில் கல்லைப் பார்த்தேன். கடைசி இலக்கம் ஆறு. பதறிப்போய் அவர் அறைக்கு ஓடினேன்.

"ஏழு வெச்சா கூட்டுத்தொகை ஒண்ணு வருதுங்க. அது பங்காளி நம்பரு. அதான் ஆறாக்கிப்போட்டேன். இப்பக் கூட்டுங்க, ஒம்பது!"

"ஐயா, ஆறுல முடிஞ்சா ரெண்டால வகுபடுமுங்க. கூட்டுத்தொகை ஒம்பது வந்தா ஒம்பதாலயும் வகுபடும். அப்படி எந்த எண்ணும் பகா எண்ணா இருக்கவே முடியாதுங்க."

"எவன் வகுத்துப் பாக்கப் போறான்? பிரிக்க முடியாதுன்னு மேடையில சொல்லிப்போடுங்க. சாயங்காலம் சர்டிபிகேட் வாங்கிக்குங்க."

பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வர் தலையாட்டினார். அவர் முனைவர் பட்டம் வேறு வாங்கியவர். இரட்டைப்படை எண்ணைப் பகா எண் என்று கல்லில் வெட்டுகிற கல்லூரிக்கு அப்படியொரு தலைதான் பொருத்தம்.

பொய்யைச் சொல்லிவிடலாம் என்றுதான் மேடை ஏறினேன். சான்றிதழ் வேண்டுமே. ஆனால் மைக்கைப் பிடித்ததும் அருவருப்பாக இருந்தது. "கல்லில் இருப்பது பகா எண் அல்ல. அதை இரண்டால் வகுத்தால் 1073741823. மீதி இல்லை" என்றேன். என்ன சொன்னேன் என்றே புரியாமல் மொத்தக் கூட்டமும் கைதட்டியது. வயிறெரியட்டும் என்று முதலாளி வரவழைத்து முன்வரிசையில் உட்கார்த்தியிருந்த பங்காளி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று மாலையே முதலாளி என்னைக் கூப்பிட்டு, சான்றிதழ் உறையை மேசைமேல் வீசினார்.

"நல்லா இருந்த நம்பரைச் சபையில வெச்சு ரெண்டாப் பிரிச்சுப்போட்டீங்களே! ராசி கெட்ட கை அம்மணி உங்களுது. இனி இந்தப் பக்கமே வராதீங்க."

உறையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன.

"ஆமாங்கய்யா, ராசி கெட்ட கைதானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.